மூன்று பட்டறைக்கு ஒரு கம்ப்யூட்டர்

அண்ணன் செத்துப்போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ஏழாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் பீஸ் மடிக்கப் போனவள் நான். ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டர் ரூமில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாளிகளின் கலர் ரகசியத்தை விற்றுத் தின்றவன் என்று அண்ணனைச் சொன்னார்கள். அவன் போய்விட்டான், அந்தப் பேச்சு போகவில்லை. பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தும் அதைப் பேசுகிறார்கள்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு மாடி ரூம். மூன்று சாயப்பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு கலர் மேட்சிங் கம்ப்யூட்டர் வாங்கி அங்கே வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒன்றைத் தனி ஆளாக வாங்கப் பெரிய கம்பெனிகளால்தான் முடியும். டிவி மாதிரி ஒரு மானிட்டர், பக்கத்தில் ஓட்டை வைத்த ஒரு பெட்டி. வெளிநாட்டு பையர் அனுப்புகிற துணித்துண்டை அந்த ஓட்டையில் வைத்து அமுக்கினால் உள்ளே வெளிச்சம் அடிக்கும். எந்தச் சாயம் எவ்வளவு போட வேண்டும் என்று மானிட்டரில் வரும். அது வந்தால்தான் பட்டறையில் துணியை இறக்குவார்கள். பாய்லர் ஏற்றிவிட்டுக் காத்திருக்க முடியாது. அந்தக் கம்ப்யூட்டர் நின்றால் மூன்று பட்டறையும் நின்றுவிடும். அதனால் கரண்ட் போனால் ஓட பேட்டரியும், பேட்டரி போனால் ஓட ஜெனரேட்டரும் கூட்டாகவே போட்டிருந்தார்கள்.

மெஷினில்தான் கூட்டு. தொழிலில் மூன்று பேரும் போட்டி. ஒரே பையர் ஏஜென்ட் வாசலில் மூன்று பேரின் ஸ்கூட்டரும் நிற்கும். ஒருத்தர் ராயபுரத்துக்காரர், பரம்பரையாகத் துணி வியாபாரம். ஒருத்தர் பொங்கலூர்க்காரர், தோட்டத்தை விற்றுவிட்டுச் சாயத்துக்கு வந்தவர். மூன்றாமவர் தெற்கே இருந்து பிழைக்க வந்து, கூலியாக இருந்து முதலாளியானவர். அவரைத் தெக்கத்திக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மெஷினை ஓட்டுகிற வேலைக்கு மூன்று பேரும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் என் அண்ணன். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தான்.

முதல் நாளே பேச்சு வந்துவிட்டது.

"நாம கூட்டுச் சேந்தது மெசினுக்குத்தானுங்க, கலருக்கு இல்லீங்க" என்றார் பொங்கலூர்க்காரர்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் தெக்கத்திக்காரர். "என் கலரு அவருக்குத் தெரியக் கூடாது, அவரு கலரு எனக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரிஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

ராயபுரத்துக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தட்டில் கற்பூரத்தைப் பற்றவைத்து அண்ணன் முன்னால் நீட்டினார். "தம்பி, ஒருத்தரு விசயத்த இன்னொருத்தரு காதுல போட மாட்டேன்னு அணைச்சுருங்க."

அண்ணன் உள்ளங்கையால் அடித்து அணைத்தான். எங்கள் பக்கம் கற்பூரம் அணைத்துச் சொன்னால் மாறக் கூடாது.

அதற்கப்புறம் ஒருத்தர் உள்ளே போனால் மற்ற இரண்டு பேரும் படி இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு டிராயர், ஆளுக்கு ஒரு பூட்டு, உள்ளே அவரவர் கலர்க் கணக்கு ஏற்றிய ஃபிளாப்பி. அண்ணன் வீட்டில்கூட வாயைத் திறக்க மாட்டான்.

"இன்னைக்கு என்ன கலரு கண்ணு வந்துச்சு?" என்று அம்மா கேட்பாள்.

"கலர் கலராத்தாம்மா வந்துச்சு."

"என்னுங்ணா, பெரிய கலெக்டர் ரகசியமா இது?" என்று நான் கிண்டுவேன்.

"கலெக்டர் ரகசியமாச்சும் பேப்பர்ல வந்துரும் அம்மிணி. இது வராது."

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் கொண்டுபோய்க் கொடுக்க நானும் ரூமுக்குப் போயிருந்தேன். எல்லாவற்றையும் துடைத்து மாலை போட்டிருந்தான் அண்ணன். மானிட்டர் கண்ணாடியில் பொட்டு வைக்கக் கூடாது, பெட்டி ஓட்டையில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வாசலில் பூசணிக்காய் உடைக்கக் கீழே இறங்கினான். பெட்டியோடு வந்த ஒரு வெள்ளைத் தட்டு மேசையில் இருந்தது. பார்த்தால் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி, ஆனால் வழவழப்பு இல்லை. தினமும் காலையில் முதலில் அதைத்தான் மெஷினுக்குக் காட்ட வேண்டும். வெள்ளை என்றால் இது என்று அது தெரிந்துகொண்டால்தான் மற்ற கலரைச் சரியாகப் பார்க்கும்.

"மெசினுக்கே கண்ணத் தொறக்கறது இதுதானுங்களே" என்று ராயபுரத்துக்காரர் அந்தத் தட்டில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். அவர் வைத்தால் இவர் விடுவாரா? பொங்கலூர்க்காரர் அதைவிடப் பெரிதாக ஒன்று வைத்தார். தெக்கத்திக்காரர் கிறிஸ்தவர். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னங்க, உங்க பங்கு வேண்டாமுங்களா?" என்று பொங்கலூர்க்காரர் சீண்டினார்.

"வேண்டாம்னு யாரு சொன்னா? குங்குமம்தான் வைக்க மாட்டேன். சந்தனம் மரம்தானவே?" என்று அவரும் ஒரு விரல் எடுத்து வைத்தார். எல்லோரும் சிரித்தோம். அந்த ரூமில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பூஜை முடிந்து மெஷினைத் திறந்த அன்று அண்ணன் தட்டை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தான். கண்ணுக்குப் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். அந்த வெள்ளையைத்தான் மெஷினுக்குக் காட்டியிருக்கிறான்.

கொஞ்ச நாளில் லைட் கலர்கள் கெட ஆரம்பித்தன. ரோஸ் போட்டால் லேசாக ஊதா அடித்தது, சந்தனக் கலர் சாம்பலாகத் தெரிந்தது. பட்டறை டியூப் லைட்டில் தெரியாது. பையர் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். இது மூன்று பட்டறையிலும் நடந்தது. ஆனால் ஒருத்தரும் வெளியே சொல்லவில்லை. துணி திரும்பி வந்தது தெரிந்தால் பையர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவாரே. அதனால் ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான் கெட்டது, மற்ற இரண்டு பேரில் ஒருத்தர்தான் தன் ஃபிளாப்பியில் கை வைத்துவிட்டார் என்று நினைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொங்கலூர்க்காரர் எங்கள் ஊட்டுக்கே வந்துவிட்டார். தண்ணீர்கூட வாங்கவில்லை.

"தம்பி, நான் இல்லாதப்ப ஆரு என் டிராயரத் தொறந்தா?"

"ஆரும் தொறக்கலீங்க. மெசின்லதான் என்னமோ கோளாறுங்க. பம்பாய்ல இருந்து சர்வீஸ் ஆளக் கூப்பிடலாமுங்க. மூணு பேரும் கையெழுத்துப் போட்டா வந்துருவாங்க."

"கூப்பிட்டா எதுக்குன்னு அவுங்க ரெண்டு பேரும் கேப்பாங்கல்ல? எஞ் சரக்கு திரும்பி வந்தத ஊருக்கே தண்டோராப் போடச் சொல்றியா?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"மெசினு கெட்டா மூணு பேருக்குந்தான கெடணும்? அவுங்களுக்கு நல்லாத்தான வருது?" என்றார் அவர்.

நான் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ சொல்ல வாய் எடுத்தான். பிறகு, "எனக்குத் தெரியாதுங்க" என்றான்.

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. தெரிந்துகொண்டே மறைக்கிறான் என்று அவருக்குப் பட்டுவிட்டது. அது நிஜம்தான். ஆனால் அவர் நினைத்த விஷயத்தை அவன் மறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் மூன்று பேரும் அவரவர் ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரூம் பூட்டப்பட்டது. நீ வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. ஊர் சொன்னது. அதற்கப்புறம் திருப்பூரில் ஒரு கம்பெனியும் அண்ணனை உள்ளே விடவில்லை. மூலனூரில் ஒரு முருங்கைக்காய் மண்டியில் தராசு பிடிக்கப் போய்விட்டான். ஊட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். தெருவில் நடக்க வெட்கம்.

ஒரு தடவை நானே மூலனூர் போனேன். மண்டிக்குப் பின்னால் நின்று அப்போதுதான் சொன்னான், மூன்று பேருக்குமே கெட்டது என்று. மூன்று பேரும் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

"அன்னைக்கே அவருகிட்ட இதச் சொல்லியிருந்தா உம் மேல சொல்லே வந்திருக்காதுங்ணா" என்றேன்.

"ஒருத்தரு விசயத்த இன்னொருத்தரு காதுல போட மாட்டேன்னுதான் கற்பூரம் அணைச்சேன்."

"இப்பத்தான் கூட்டே கலஞ்சு போச்சல்ல. இப்பச் சொல்லு."

"கூட்டு இருக்கற வரைக்கும்னு சொல்லி அணைக்கலையே அம்மிணி." என் கையைப் பிடித்து, நானும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

பிறகு ராயபுரத்துக்காரர் மற்ற இரண்டு பேரின் பங்கையும் முடித்து மெஷினைத் தானே எடுத்துக்கொண்டார். பம்பாயிலிருந்து ஆள் வந்தார். வந்தவர் தான் கொண்டுவந்த புதுத் தட்டை வைத்துப் பார்த்துவிட்டு, பழைய தட்டில் மஞ்சள் ஏறியிருக்கிறது, மெஷின் அதையே வெள்ளை என்று நம்பி எல்லாக் கலரிலும் நீலத்தைக் கூட்டிவிடுகிறது என்று சொன்னாராம். இது எங்களுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. ஒரு நாள் காய் ஏற்றிப்போன வேனில் அவனும் போனான். தாராபுரம் தாண்டி அது கவிழ்ந்தது.

கருமாதி முடிந்து மூன்று பேரும் துக்கம் கேட்க வந்தார்கள். அண்ணன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ராயபுரத்துக்காரர்தான் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தார். "தம்பி மேல ஒரு தப்பும் இல்லீங்க. தட்டுல சந்தனம் ஏறிப்போச்சு. நாங்க வெச்சதுதானுங்க."

"எப்பங்க தெரிஞ்சுது?" என்று அம்மா கேட்டாள்.

"சர்வீஸ் ஆள் வந்தப்பவேங்க. ஆடி மாசம்."

அண்ணன் செத்தது தையில்.

அம்மா மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். "உங்களுக்குங்க?"

"காதுல விழுந்துச்சுங்க" என்றார் பொங்கலூர்க்காரர். "மெசின் வெச்சிருக்கறவரு சொல்லியிருப்பாருன்னு இருந்துட்டனுங்க."

"நான் இவரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்" என்று தெக்கத்திக்காரர் பொங்கலூர்க்காரரைக் காட்டினார்.

தெக்கத்திக்காரரே மறுபடியும், "இனிமே நாங்களே நாலு பேருகிட்டச் சொல்லுதோம், அம்மா. தம்பி பேரு கெட விட மாட்டோம்" என்றார்.

"நாலு பேருகிட்ட மெதுவாச் சொல்லிக்கலாமுங்க, சாமி" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவே இல்லை. "அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம் பையன் ஊட்டுக்கு வந்திருப்பானுங்க."

மூன்று பேரும் எழுந்து கும்பிட்டார்கள். நான் வாசல் வரைக்கும் போனேன். சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ண எல்லாப் பட்டறையும் கூட்டாக ஒரு ப்ளான்ட் போடுகிறார்களாம், அன்றைக்குச் சாயந்திரம் அதற்கு மீட்டிங். லேட்டாகிவிடும் என்று பேசிக்கொண்டே மூன்று பேரும் ஒரே காரில் ஏறினார்கள்.