கிணறு குடித்த மருந்து

எங்கள் தெருவில் அவரை டேங்கர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், அதனால் டேங்கர். வயிறும் அந்தப் பெயருக்குத் துரோகம் செய்யாமல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், முறைக்கு எனக்குச் சகலை. வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

நான் பைப்பும் மோட்டாரும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். லாரிக்கு வாஷர் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார். அந்த லாரி ஓடுவதே ஆச்சரியம். பின்னால் இருக்கும் வால்வு போகிற வழியெல்லாம் சொட்டும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதைச் சுற்றிக் கட்டியிருப்பார். புது வால்வு எடுத்து வைத்தால், "ஓடுற வரைக்கும் ஓடட்டும்டா, அதுக்கும் எனக்கும் ஒரே வயசு" என்பார். பேண்ட் முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஈரம். வீட்டுக்குள் நுழைந்தால் அவர் மனைவி முகத்தைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார்.

எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் வருவது அதன் இஷ்டம். வந்த அன்று குடிப்பதற்குப் பிடித்து வைத்துக்கொள்வோம். மற்றதற்கெல்லாம் டேங்கர்தான். பல வீடுகளில் குடிப்பதற்கும் அதுவேதான். அண்ணன் தண்ணீர் எடுப்பது அவருடைய அக்காவின் தோட்டத்தில். ஊருக்கு வெளியே நல்ல தூரம். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அண்ணனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். லாரி நிரம்புவதற்குள் அவரைச் சாப்பிட வைத்துவிடுவார். பசியில்லை என்று சொன்னால், "வயித்தப் பாத்தா அப்படித் தெரியலயே" என்று தட்டை முன்னால் நகர்த்துவார். அண்ணன் தொழிலுக்குப் போனாரா, அக்காவைப் பார்க்கப் போனாரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

அக்காவின் கணவரை அண்ணன் மச்சான் என்பார், நானும் அப்படியே கூப்பிடுவேன். மோட்டார் மக்கர் பண்ணுகிறது, வந்து பார்க்கச் சொல் என்று மச்சான் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அன்று லாரியில் நானும் போனேன்.

போய் இறங்கும்போது மச்சான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். மருந்து என்பது களைக்கொல்லி. புல்லைச் சாகடிக்கிற சரக்குக்கு மருந்து என்று பெயர் வைத்தவர் ரொம்ப நல்ல மனசுக்காரராக இருக்க வேண்டும். ஆழ்துளைப் போர்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு நீல டிரம். அதில் களைக்கொல்லியை ஊற்றி, போர்த் தண்ணீரைக் குழாய் வழியாக விட்டு நிரப்புவார்கள். குழாய் மேலேயிருந்து விழுந்தால் சோப்பு மாதிரி நுரை பொங்கி வெளியே வழியும். அதனால் குழாயின் வாயை டிரம்மின் அடி வரைக்கும் முக்கி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மச்சான் சிக்கனத்தில் சூரர். நுரை ஒரு சொட்டு கீழே விழுந்தாலும் பொறுக்க மாட்டார்.

டிரம் நிரம்பப் போகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மச்சான் மின்சார ஆபீஸில் வேலை பார்க்கிற அத்தனை பேரையும் வம்சத்தோடு திட்ட ஆரம்பித்தார். அண்ணன் மட்டும் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இங்க வா. தண்ணி இறங்குது பாரு."

எட்டிப் பார்த்தேன். வெளுத்த கலவை கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. டிரம்மில் ஓட்டை இல்லை, கீழே தரை காய்ந்துதான் கிடந்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கிற வால்வு உள்ளே தேய்ந்து போயிருந்தால், மோட்டார் நின்றதும் பைப்பில் நிற்கிற தண்ணீர் மொத்தமும் கிணற்றுக்குள் திரும்ப விழும். விழும்போது பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் இருந்தது அந்த டிரம். பாய்ந்து குழாயை வெளியே இழுத்தேன். அதற்குள் பாதி உள்ளே போயிருந்தது.

"விடுங்க மாப்ள" என்றார் மச்சான். "கரண்ட் வந்ததும் கொஞ்ச நேரம் வெளிய ஓட விட்டா எல்லாம் போயிடும்."

"எங்க போகும் மச்சான்?" என்று கேட்டார் அண்ணன்.

"மண்ணுக்குள்ள போகும்."

"அந்த மண்ணுக்கு அடியிலதான தண்ணி இருக்கு?"

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷமா இப்படித்தான் கலக்குறேன். கரண்ட் என்ன, இன்னைக்குத்தான் புதுசாப் போகுதா? இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலயே?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். டிரம்மின் மூடியைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் அன்று காலி லாரியோடு திரும்பினார். வழியில் நானாக ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். "இத்தன வருஷமாங்கறாருடா" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துவிட்டு நாயாய் அலைந்தோம். இன்று போய் நாளை வா என்பதை அங்கே மரியாதையான குரலில் சொல்கிறார்கள். கடைசியில் வந்த பதில் நாங்கள் பயந்த மாதிரியே இருந்தது. தண்ணீரில் களைக்கொல்லி இருக்கிறது, இருக்கக் கூடிய அளவுக்கு மேலே இருக்கிறது. குடித்தால் உடனே ஒன்றும் ஆகாது, வருஷக்கணக்கில் குடிப்பதுதான் கெடுதல் என்றார் அங்கிருந்தவர். எங்கள் தெரு அதை வருஷக்கணக்கில்தான் குடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் அந்தத் தண்ணீரை எடுப்பதை நிறுத்தினார். வாங்கிக் குடித்த வீடுகளுக்கெல்லாம் படியேறிப் போய்ச் சொன்னார். யாராவது கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள் என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "இத்தன நாளா இதையா எங்க தலையில கட்டுன?" என்று ஒரு அம்மா கத்தினார். அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் அண்ணனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "வெளிய சொல்லாதீங்க, வீட்டுக்கு விலை போகாது" என்றார். அடுத்த வாரமே மச்சான் அதே கிணற்றை வேறொரு லாரிக்காரருக்கு விட்டுவிட்டார். அதே தெரு அதே தண்ணீரை அந்த லாரியில் வாங்கிக்கொண்டது. அந்த லாரி சொட்டாதாம், அதில் எல்லாருக்கும் திருப்தி.

இதெல்லாம்கூட அண்ணனுக்குப் பெரிதாகப் படவில்லை. தூரத்தில் வேறு கிணறு பிடித்தார், லாரி நடை குறைந்தது, முழங்கால் வலி கூடியது, சமாளித்தார். அக்கா அந்த வீட்டில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அவரைத் தூங்க விடவில்லை. "ஊரே வேணாங்கட்டும், குடிக்கட்டும், எனக்கென்ன. எங்க அக்கா குடிக்கக் கூடாதுடா" என்று என் கடையில் உட்கார்ந்து புலம்பினார். மச்சானோடு பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. கிணற்றில் போடுவதற்கு நான் கொடுத்தனுப்பிய புது வால்வை, "எங்க கிணத்துக்கு வைத்தியம் எங்களுக்குத் தெரியும்" என்று மச்சான் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால் அண்ணன் ஒரு வேலை செய்தார். எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் வருகிற அன்று கேன் கேனாகப் பிடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அக்காவுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அத்தனை காலம் அங்கிருந்து இங்கே தண்ணீர் கொண்டு வந்தவர், இங்கிருந்து அங்கே கொண்டு போனார். அக்கா மறுபேச்சுப் பேசாமல் கேன்களை அடுப்படிக்குள் வாங்கி வைத்துக்கொண்டார். மச்சான் மட்டும் அண்ணன் தலையைப் பார்த்ததும் போர்க் குழாயைத் திறந்து, சொம்பில் பிடித்து, மடக் மடக்கென்று குடித்துக் காட்டுவார். அந்த மனுஷனுக்கு வீம்புக்கு மருந்தே கிடையாது.

ஒரு நாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "எங்க தண்ணியக் கொண்டுபோய்க் காட்டுனீங்களே மாப்ள, ஒங்க தண்ணியக் காட்டுனீங்களா?"

வாயடைக்க வேண்டும் என்று கேட்டதுதான். ஆனால் அண்ணன் அதை நேராக என்னிடம் கொண்டு வந்தார். "காட்டிட்டே வந்துடுவோம்டா. அவரு வாய மூடணும்."

மறுபடியும் பாட்டில், மறுபடியும் அலைச்சல். இந்த முறையும் பதில் வந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரிலும் அதே களைக்கொல்லி. "அளவு கம்மிதான், ஆனா இருக்கு" என்றார் அங்கிருந்தவர். எங்கள் ஊரில் ஏது வயல், ஏது உழவு என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நடைபாதை ஓரம், பூங்கா, ரயில் பாதை என்று அடுக்கினார். அப்போதுதான் உறைத்தது. முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு எங்கள் கடை வரிசையில் புல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டு போகிறவருக்குப் பக்கத்துக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுப்பார். தெரு சுத்தமாக இருக்கிறதே என்று நாங்கள் எல்லாரும் சந்தோஷப்படுவோம். மழை பெய்ததும் அது எங்கே போகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் வருவதும் பூமிக்குள்ளிருந்துதானே.

அக்காவிடம் சொல்லியாக வேண்டும். துணைக்கு அண்ணன் என்னையும் வரச் சொன்னார். நல்ல வெயில். அன்றும் கேன்களைப் பிடித்து ஏற்றித்தான் வைத்திருந்தார்.

மச்சான் வயலில் இருந்தார். அக்கா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலிலேயே நின்று, "இதுலயும் இருக்காம்க்கா" என்றார்.

"எதுல?"

"நான் கொண்டு வர்றதுல."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "அதே மருந்தா?"

"அதேதான். கொஞ்சம் கம்மியாம்."

"அப்ப இனிமே எங்கேருந்து கொண்டு வருவ?"

"தெரியலக்கா" என்றார் அண்ணன். அவ்வளவு பெரிய ஆள் ஈரப் பேண்டோடு நின்று அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அக்கா எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "சரி, அழாத. ஒங்க மச்சான்கிட்ட இதச் சொல்லிடாத, ஆடித் தீத்துடுவாரு. நீ அந்தப் பக்கம் போனதும் அவரும் இந்தக் கேன் தண்ணியத்தான் குடிக்கிறாரு." எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை.

"உள்ள வந்து உக்காருங்க ரெண்டு பேரும். வெயில்ல வந்திருக்கீங்க" என்று அக்கா தம்ளரைக் கழுவினார். மேடையில் போர்த் தண்ணீர்க் குடம் ஒரு பக்கமும் எங்கள் கேன் ஒரு பக்கமும் இருந்தன. பழக்கத்தில் குடத்துப் பக்கம் போன கை நின்றது. கேன் பக்கம் போனது, அங்கேயும் நின்றது. திரும்பிப் பார்த்தார்.

"எதுலருந்துடா தரட்டும்?"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் பார்த்தார்.

"கம்மியா இருக்கறதக் குடுக்கா" என்றார்.