இன்னொரு பைப்

தொண்ணூறுகளில் கோவையில் நான் வைத்திருந்த லாரி உதிரிபாகக் கடைக்கு உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் வந்தார். மழித்த மீசையின் இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். லாரியின் இழுவையைக் கூட்ட மாட்டிய டர்போவுக்கு ஆயில் பைப் கேட்டார்.

"உள்ள போறதுக்கு இருக்கற சின்னதே போதுங்க. வடியறது பெருசா வேணுமுங்க. எங்கண்ணன் ரெண்டும் ஒரே சைஸ்ல போட்டுப்போட்டாரு. ஆயில் வடியாம மலைப்பாதையில வண்டி நின்னுபோச்சுங்க. எறங்கிப் பார்த்தவரு மேல பின்னால வந்த லாரி ஏறிப்போச்சுங்க."

பெரிய பைப்பை எடுத்துக் கொடுத்தேன். கண்ணருகே வைத்து, உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார்.

"வடியற பைப் இன்னொண்ணு குடுங்க."

"அது எந்த வண்டிக்குங்க?"

"பின்னால வந்த வண்டிக்குங்க. எங்கூர்க்காரனுதுதான். அதுக்கும் அண்ணன்தான் அதே மாதிரி மாட்டிக் குடுத்தாரு."

அதையும் அதேபோல வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.