மூன்று கோட்டு சில்வர் பெயிண்ட்

மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் வைத்த இரும்புக்கு ஒரு வாசனை உண்டு. பாதி ஆணி டப்பா வாசனை, பாதி அடுப்படி வாசனை... இப்போதும் எங்காவது பட்டறையைத் தாண்டிப் போனால் அது வரும். நான் நடையை வேகப்படுத்திவிடுவேன்.

எட்டாவது படித்தபோது அப்பாவின் வாடகைக் கார் இன்ஜினை முருகேசன் மாமா முழுசாகப் பிரித்துக் கட்டினார். மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், தருமபுரியில் பட்டறை வைத்திருந்தார். லீவு நாட்களில் நான் கதைப் புத்தகத்தோடு போய் அங்கே உட்கார்ந்துகொள்வேன். புத்தகத்தைவிட இன்ஜினைத்தான் அதிகம் பார்த்தேன்.

அந்த இன்ஜின் சீக்கிரம் ஓடியாக வேண்டும். கம்பைநல்லூரிலிருந்து ஓர் அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குத் தருமபுரி கூட்டிவருவார் அப்பா. எங்களுக்கு நிலையான சவாரி அது ஒன்றுதான். இன்ஜின் பிரித்ததிலிருந்து அவர்கள் வேறு காரில் போய்க்கொண்டிருந்தார்கள். "வண்டி ரெடியானதும் சொல்லுங்க, உங்க கூடவே வர்றோம்" என்று அந்த அம்மாவின் மகன் சொல்லியிருந்தார்.

கடைசி வேலை பெயிண்ட். ஹார்டுவேர் கடைக்காரர் சாதா சில்வர் ஒரு டப்பாவும், சூடு தாங்கும் சில்வர் ஒரு டப்பாவும் எடுத்து வைத்தார்.

"எதுங்க ரொம்ப நாளு நிக்கும்?" என்றார் அப்பா.

"டப்பாலயே போட்டிருக்குதுங்க, பாருங்க."

அப்பா டப்பாவை என்னிடம் நீட்டினார். "எம்பொண்ணு படிச்சுரும். இங்கிலீஷ் புக்கே முழுசா படிக்குது."

அறுநூறு டிகிரி தாங்கும், உரியாது, எண்ணெய் பட்டாலும் மங்காது... உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தது சரியான பெயிண்ட்தான். அதில் இன்றைக்கும் சந்தேகமில்லை.

கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ஓட்டுவதற்கு முன் ஸ்டேஜ் ஸ்டேஜாக 'கியூர்' செய்யவும் என்று. கியூர் என்றால் குணப்படுத்துவது. இரும்புக்கு நோய் துரு. அப்படியானால் துருவைக் குணப்படுத்த ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கோட்டு அடிக்க வேண்டும்... நானே பொருள் சொல்லிக்கொண்டேன்.

பட்டறையில் அப்பா டீ வாங்கப் போயிருந்த நேரம் மாமாவிடம் சொன்னேன்.

"மூணு கோட்டு அடிக்கணும் மாமா."

"எதுக்கு கண்ணு மூணு? மெல்லிசா ஒன்னு போதும். அப்புறம் வண்டிய நிக்க வச்சே ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் சூடேத்தி, ஆறவுட்டு, மறுபடியும் சூடேத்தணும். அப்பத்தான் பெயிண்டு புடிக்கும்."

"டப்பால அப்படி போடலீங்க மாமா. நான் படிச்சேன்."

மாமா சிரித்தார். "டீச்சரம்மா சொல்லிட்டா சரிதான். நானு அஞ்சாங்கிளாஸ்லயே மூணு வருசம் குந்துனவன்."

மூன்று கோட்டு அடித்தார். ஒரு நாள் வெயிலில் காய்ந்ததும் இன்ஜின் கழுவிய எவர்சில்வர் குடம் மாதிரி இருந்தது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுப் பார்த்துவிட்டு நேராகக் கம்பைநல்லூர் போனோம். நான் முன்சீட்டில்.

திரும்பும்போது பாதி வழியில் பொசுங்கும் வாடை வந்தது. பிறகு பானட் இடுக்கில் புகை. பிறகு காருக்குள்ளேயே புகை. பின்சீட்டில் அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"நிறுத்துங்க! எங்கம்மாவக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று மகன் கத்தினார்.

ரோட்டோரம் இறங்கி, இடையில் போய்வந்த காருக்கே போன் போட்டார். அதற்குப் பிறகு அவர்கள் எங்களைக் கூப்பிடவே இல்லை.

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயிண்ட்தான் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக் கருகியிருந்தது.

"ஏன்டா முருகேசா, ஒரு பெயிண்டு அடிக்கத் தெரியாதாடா உனக்கு? எம்பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடா!" என்று அப்பா பட்டறை வாசலிலேயே கத்தினார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் காலி டப்பாவைப் பார்த்தேன்.

"தப்புதான்டா" என்றார் மாமா.

அதோடு அவர்கள் பேச்சு நின்றது. அடுத்த வருடம் அப்பா காரை விற்றுவிட்டு ஸ்கூல் வேன் ஓட்டப் போனார். மாமா பட்டறையை மூடிவிட்டு ஓசூர் போய்விட்டதாகக் கேள்வி. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

நான் இப்போது பிளஸ் டூ. போன ஞாயிறு, மாடி ஒழுகுகிறது என்று அப்பா ஒரு பூச்சு டப்பா வாங்கிவந்தார். இப்போதெல்லாம் என்னிடம் நீட்டுவதில்லை. போனைக் காட்டினால் அதுவே தமிழில் சொல்லிவிடுகிறது.

"என்னாது இது... இருவத்திநாலு மணி நேரம் குணப்படுத்தவும்ங்குது. வூட்டுக்கு என்னா காய்ச்சலா?" சிரித்தார்.

"கியூர்னா இங்க இறுக வுடறதுப்பா." போன வருடம் வேதியியல் வகுப்பில் அந்தப் பொருள் தெரிந்தது. அன்றைக்கே வீட்டில் வாயைத் திறந்திருக்கலாம்...

அப்பாவின் சிரிப்பு நின்றது. "அந்தப் பெயிண்டு டப்பாலயும் இதான் போட்டிருந்துச்சா?"

"ஆமாப்பா. சூடேத்தி ஆறவுடணும்னு மாமா சொன்னாரு. நாந்தான் வேணாம்னேன்."

அப்பா திட்டவில்லை. போனில் முருகேசன் மாமா பெயரைத் தேடி அழுத்தினார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் முதலில் தமிழில் சொன்னது, பிறகு ஆங்கிலத்தில்.

அப்பா இரண்டையும் கடைசிவரை கேட்டார்.