ஜப்பான் சாமிக்குத் தண்ணீர் வைத்தவள்

மைசூருக்கு வெளியே ஒரு ஜப்பான் கம்பெனியில் ஆறு வருஷம் துப்புரவு வேலை பார்த்தேன். மெஷின் கூடத்தின் வாசலில், ஒரு கல்மேடை மேல் ஆளுயரத்துக்கு ஒரு மரக்கோயில் இருந்தது. குறுக்கே வைக்கோல் கயிறு, அதில் மடித்துத் தொங்கவிட்ட வெள்ளைக் காகிதம். உள்ளே சிலை கிடையாது. அதைக் கட்டிய ஜப்பான்கார இன்ஜினியர் ஊர் திரும்பும் முன், தினமும் தண்ணீர், அரிசி, உப்பு மாற்றும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிந்து காட்டினார்.

ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்கள் கைதட்டிவிட்டு, பழக்கத்தில் கன்னத்திலும் போட்டுக்கொள்வார்கள். மெஷினில் விரல் போன ஒருத்தர் திரும்பி வந்த அன்று, கட்டுப்போட்ட கையோடு தட்ட முடியாமல் நின்றார். அவருக்காக நான் தட்டினேன்.

போன வருஷம் ஜப்பானிலிருந்து பெரிய முதலாளி பூஜைக்கு வந்தார். முந்தின நாள் முட்டி போட்டு அந்தக் கல்மேடையைத் தேய்த்துக் கழுவியிருந்தேன். காலையில் எங்கள் சூப்பர்வைசர் வந்தான். கொள்ளேகாலத்துப் பையன், தமிழ்தான்.

"அக்கா, பூஜை முடியற வரைக்கும் நீங்கெல்லாம் கேண்டீன் பின்னாடி இருக்கோணும்."

"ஏன் தம்பி?"

"கான்ட்ராக்ட் ஆளுங்க போட்டோவுல வரக்கூடாதுன்னு ஆபீஸ் மேடம் சொல்லிட்டாங்க."

"தண்ணி யாரு வெக்கறது?"

"மேடமே வெப்பாங்க."

கேண்டீன் சுவரோரம் நின்று பார்த்தேன். பட்டுப்புடவை கட்டிய மேடம் கிண்ணத்தை ஒற்றைக் கையால் வைத்தாள். பெரியவர் ஏதோ கேட்டார். "தினமும் இதைப் பார்த்துக்கொள்வது யார்?" என்று மொழிபெயர்ப்பாளர் கன்னடத்தில் கேட்டார்.

"எங்கள் டீம்" என்றாள் மேடம்.

துடைப்பத்தை வீசிவிட்டு நேரே நடந்தேன். "நானே சார், தினா நானே" என்று, தினமும் நான்தான் என்று கன்னடத்தில் கத்தினேன். பெரியவர் என்னைப் பார்த்துக் குனிந்தார். நானும் குனிந்தேன். ஒருத்தரும் போட்டோ எடுக்கவில்லை.

மறுநாள் என்னைக் கழிவறைப் பக்கம் மாற்றினார்கள். கழிவறை கழுவுவதில் எனக்கென்ன கூச்சம்? கோயிலுக்கு வேறு ஆள் போடாததுதான் தாங்க முடியவில்லை. கிண்ணம் வறண்டு, அரிசியில் எறும்பு ஏறிக் கிடந்தது. கம்பெனி காலண்டரில் மட்டும் அதே கோயில், மேடத்தோடு.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டு வரும் நேரத்தில் போய்க் கழுவி, தண்ணீர் வைத்து, ஓங்கித் தட்டினேன். பின்னால் நின்றவர்களும் தட்டினார்கள்.

அந்த வாரமே வேலை போயிற்று. காரணம் கேட்டேன். எனக்குக் கொடுக்காத இடத்தைச் சுத்தம் செய்தேனாம்.