மாதா என் வீட்டில் தங்கிய நாட்கள்

முதலில் வந்தது இருமல் இல்லை, களைப்பு. பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே உள்ள ஒரு நண்டு கம்பெனியில் எனக்கு வேலை. அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் கறியை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். கை அது பாட்டுக்கு வேலை செய்யும், வாய் அது பாட்டுக்குப் பேசும். அந்த மேசையில் நான் பேசாமல் இருக்கிறேன் என்பதை எனக்கு முன்னால் கவனித்தவள், எதிரில் உட்காரும் ஞானம்.

"என்ன மேரி, வீட்டுக்காரரோட போன்ல சண்டையா? காலையிலேர்ந்து வாயத் தொறக்கல."

"சண்டையில்லடி. சாயங்காலமானா மேலு காயுது."

"அவரு கர்நாடகாவுல, மால்பேயில போட்ல கெடக்காரு. இங்கன ஒனக்கு என்னத்துக்குக் காயுது?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினேன். சூப்பர்வைசர் தம்பி பின்னாலேயே வந்து, "அக்கா, தப்பா நெனைக்காதீக. சாப்புடுற சாமான் பாருங்க. இருமல் நின்ன பெறகு வாங்க" என்றது. அதில் தப்பு நினைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேசையை விட்டு எழுந்த பிறகு என் நாட்கள் எவ்வளவு நீளமாகப் போகின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

மெடிக்கலில் மருந்துத் தண்ணீர் வாங்கிக் குடித்தே ஒரு மாதத்தை ஓட்டினேன். ரவிக்கை தொளதொளத்தது. ஒரு நாள் துப்பிய சளியில் நூல் போல ரத்தம் இருந்தது. அன்றைக்கே பஸ் ஏறி ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை (காலையில் எழுந்ததும் இருமி எடுக்கும் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) எல்லாம் முடிந்து, முடிவுக்காக மற்ற நோயாளிகளோடு நடைபாதை பெஞ்சில் காத்திருந்தேன். நர்ஸ் அம்மா, "ஆரோக்கியமேரி!" என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருமிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஆரோக்கியமே இங்கனதான் வந்து உக்காந்துருக்கா? அப்ப நாம பொழைச்சோம்" என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்து ஒன்றாக இருமினோம். அந்த நோயில் நான் கூட்டத்தோடு இருந்தது அந்த பெஞ்சில்தான். அதற்குப் பிறகு தனிதான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "அம்மா, இது காசநோய்" என்றது. (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய், எங்கள் பக்கம் இன்னும் சயரோகம் என்பார்கள்.) "முழுசாக் குணமாயிரும். ஆனா ஆறு மாசம், ஒரு நாள்கூட மாத்திரைய விடக்கூடாது."

"எனக்கு யாருகிட்டேர்ந்தும்மா வந்துச்சு?"

"காத்துல வாரது. யாரையும் கை நீட்ட முடியாது. வீட்ல யார் யார் இருக்காங்க?"

"யாருமில்ல. அவுக மால்பேயில, மக கோயம்புத்தூர்ல நர்சிங் படிக்குது."

"அப்ப ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டது. மற்றவர்களுக்குத் தொற்றாது என்ற அர்த்தத்தில்தான் சொன்னது. எனக்கு அது புரிந்தது. புரிந்தும், திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டே, துண்டால் வாயைப் பொத்தியபடி அழுதேன்.

வீட்டுக்காரர் போனில், "தடைக்காலம் முடிஞ்சு இப்பத்தான் கடலு தொறந்துருக்கு. இருந்தாலும் வரச் சொன்னா வாரேன்" என்றார்.

"வந்து என்ன செய்யப் போறீக? என்கூடச் சேந்து இருமப் போறீகளா? போயி மீனப் புடிங்க" என்றேன். அவர் சிரித்த பிறகு போனை வைத்தேன். வைத்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செக்கச் செவேலென்று போகும். நர்ஸ் அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பயத்தில் என் காதில் ஏறவில்லை. முதல் நாள் கக்கூசில் நின்று, "மாதாவே, முடிஞ்சேன்" என்று கத்திவிட்டேன். அது மாத்திரையின் நிறம்தான், ரத்தமில்லை. குமட்டும், மூட்டு வலிக்கும், வாயில் தகரம் கடித்த ருசி இருக்கும். கண் மஞ்சளானால் மட்டும் உடனே டாக்டரிடம் போங்கள். என் மகள் தினமும் காலையில் போன் போட்டு, "போட்டாச்சா?" என்று ஒரே வார்த்தை கேட்பாள். உங்களுக்கும் அப்படிக் கேட்க ஒருவர் இருந்தால், அவர் மேல் எரிச்சல் படாதீர்கள்.

அடுத்த வீட்டு ஜெனிட்டா அப்போது நிறைமாதம். முன்பெல்லாம் குழம்புக் கிண்ணத்தோடு நேரே என் அடுப்படிக்கே வந்துவிடுவாள். நோய் தெரிந்த பிறகு கிண்ணம் மதில் மேல் வந்தது. குழந்தை பிறந்ததும் அதுவும் நின்றது. என் பக்கம் இருந்த ஜன்னலை அவள் மாமியார் சாத்திவிட்டார்கள்.

இரண்டாம் மாதம் முடிந்து மறுபடி சளி பார்த்தார்கள். கிருமி இல்லை. "இனி உங்ககிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாது, ஆனா மாத்திரை மிச்சத்தையும் போடணும்" என்று டாக்டர் சொன்னது. ஊருக்கு அதை யார் சொல்வது? கோயிலில் நான் உட்காரும் பெஞ்சில் நான் மட்டும். பூசையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லோரும் தூரத்திலிருந்தே எனக்குக் கும்பிடு போட்டார்கள். கும்பிடு நன்றாகத்தான் இருந்தது. கை இல்லை.

அக்டோபர் வந்தது. எங்களுக்கு அது செபமாலை மாதம். மாதா சொரூபம் (சிலை) வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். இதில் எங்கள் தெருவுக்கு ஒரு முறை உண்டு. மாதாவை யாரும் அனுப்பிவைப்பதில்லை. அடுத்த வீட்டார் மெழுகுவத்தியோடு வந்து, வீட்டுக்குள் நுழைந்து அழைத்துப் போக வேண்டும். இருக்கிற வீட்டார் தாங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், "மாதாவ வெரட்டிட்டா" என்று பேச்சு வரும்.

எங்கள் அன்பியத் தலைவி சூசையம்மா (அன்பியம் என்பது பத்து இருபது வீடு சேர்ந்த செபக் குழு) வாசலுக்கு அப்பால் நின்று பேசினார்கள்.

"மேரி, இந்த வருசம் ஒன் வீட்ட விட்டுருவமா? ஒனக்கும் ஓய்வு."

"மாதாவுக்கு ஓய்வா, எனக்கு ஓய்வா மயினி?"

"ஏத்தா, வாய் மட்டும் இன்னும் குறையலையே ஒனக்கு! சரி, கொண்டாறோம். ஆனா சனம் ரோட்லயே நின்னு செபம் சொல்லிரும். பேசக் கூடாது."

அப்படியே நடந்தது. சூசையம்மா மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, சொரூபத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடினார்கள். தெருவில் செபம் முடிந்து எல்லோரும் போனார்கள்.

மறுநாள் மாலை அழைத்துப் போக வேண்டிய வீடு ஜெனிட்டாவின் வீடு. நான் வாசலைக் கூட்டி, சுக்குக் காப்பி போட்டு வைத்தேன். யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அடுத்த வீடு அழைக்காமல் அதற்கடுத்த வீடு அழைக்க முடியாது. மாதா என் வீட்டில் நின்றுவிட்டார்.

எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பானேன். எவ்வளவு நாளைக்குத்தான் வராமல் இருப்பார்கள், ஒரு நாள் என் வாசப்படியை மிதித்துத்தானே ஆக வேண்டும் என்ற சந்தோஷம். பேச்சுக்கும் ஆள் கிடைத்தது. நண்டு மேசையில் பேசுவது போலவே மாதாவிடம் பேசினேன். கேஸ் தீர்ந்தது, கூரை ஒழுகியது, ரசம் குடித்ததில் இன்று புளிப்பு தெரிந்தது என்று. புளிப்பு தெரிந்ததைச் சொன்னபோது, கேட்காமலே வாயில் நன்றி என்று வந்துவிட்டது. அதுவரை நான் சொன்ன நன்றியெல்லாம் பாட்டோடு சேர்ந்து பாடினதுதான். தனியாக, என் வாயால், ஒரு ரசத்துக்காகச் சொன்னது அதுதான் முதல்.

ஆனால் செபமாலையைத் தனியாகச் சொல்வது சிரமம். அது ஒருவர் முன்பாதி சொல்ல, கூட்டம் பின்பாதி சொல்லும் செபம். இரண்டையும் நானே சொன்னேன். மூச்சு வாங்கும். நின்று நின்று சொன்னேன். சின்ன வயசிலிருந்து சொல்லிவரும் செபம்தான். மீன் குழம்பை நினைத்துக்கொண்டே முழுதும் சொல்லி முடிக்க என்னால் முடியும். இப்போது மெதுவாகச் சொன்னதால் வார்த்தைகள் காதில் விழ ஆரம்பித்தன.

அப்படித்தான் ஒரு மாலை இரண்டாவது மறையுண்மைக்கு (மாதா, இயேசு வாழ்க்கையில் நடந்த ஒன்றை நினைத்துச் செபிக்கும் பகுதி) வந்தேன். மாதா தன் உறவுக்காரி எலிசபெத்தைப் பார்க்கப் போனது. அங்கேயே நின்றுவிட்டேன். யார் வந்து அழைத்தார்கள் மாதாவை? யாரும் வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருந்த வீடு அது. இவராகவே கிளம்பி, மலைமேட்டில் நடந்து போனார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனிட்டாவின் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு வர மனசில்லாமல் இல்லை, பயம். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு பயப்படாமல் எப்படி இருப்பாள்? அந்தப் பயத்துக்கு மேலே மாதாவை வேறு நான் பிடித்து வைத்திருந்தேன். விட்டுக் கொடுத்தால் என் வீட்டுக்குள் யாரும் வரப்போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வேண்டிய மட்டும் அழுதுவிட்டு எழுந்தேன்.

மாஸ்க் போட்டுக்கொண்டு, மெழுகுவத்தி ஏற்றி, சொரூபத்தைத் தூக்கினேன். கனம். அவர்கள் கேட்டுக்கு வெளியே கிடந்த ஒரு ஸ்டூலில் வைத்தேன். ஜெனிட்டாவின் மாமியார் வாசலில் வந்து நின்றார்கள்.

"என்ன மேரி இது? நீயே தூக்கிட்டு வந்துட்ட? சனம் என்ன பேசும்?"

"அவுகளாத்தான் கெளம்புனாக மயினி. எலிசபெத்து வீட்டுக்கு மட்டும் யாரு வந்து கூப்புட்டாக?"

நான் நாலு எட்டு பின்னால் வந்து நின்றேன். அவர்கள் உள்ளே போய், ஒரு வாளியில் டெட்டால் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, மாதாவைத் தலையிலிருந்து கால் வரை துடைத்தார்கள். கிரீடத்தைத் துடைத்தார்கள். மாதாவின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் பாம்பையும் விடாமல் துடைத்தார்கள். பின்னால் பிள்ளையோடு நின்ற ஜெனிட்டா, "அத்தே, போதும் அத்தே" என்று கெஞ்சினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. "மயினி, பாம்புக்கு எதுக்கு? அது எனக்கும் முன்னாடியே சீக்காளி" என்றேன். அவர்களும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அன்றும் ஜன்னல் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கம் செபம் தொடங்கியது. என் அடுப்படியில் நின்றபடி, மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து பின்பாதியைச் சொன்னேன். மேசையில் மாதா இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆண்டவர் அந்த இடத்தை விட்டுப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. தனிமை அப்படியேதான் இருந்தது, ஆனால் அதில் என்னோடு அவரும் இருந்தார். இதை இதற்கு மேல் விளக்க எனக்குப் படிப்பு போதாது.

பிறகு மழைக்காலம் வந்தது. குமட்டலும் மூட்டு வலியும் வந்து போயின. தினமும் மாலையில் அன்றைக்குக் கிடைத்த ஒன்றுக்கு நன்றி சொன்னேன். ஒன்றும் கிடைக்காத நாட்களில், சொல்ல ஒன்றுமில்லை ஆண்டவரே என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அதையும் அவர் கேட்டுக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

ஆறு மாதம் முடிந்ததும் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியது. "குணமாயிட்டீங்க. இந்த வடு மட்டும் அப்படியே இருக்கும்." வலது பக்கம், மேலே, நண்டுக் கால் போல ஒரு வெள்ளைக் கோடு. அன்றிலிருந்து மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்த இடம் எனக்குத் தெரிகிறது. வலி இல்லை. இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். படி ஏறும்போது நடுவில் நிற்கிறேன். முன்பு நிற்பது என்றால் எனக்கு வெட்கம்.

கம்பெனிக்கு மறுபடி போக இருந்த வாரத்தில் ஒரு நாள் காலை, வாசலில் சேலை காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. ஜெனிட்டா இடுப்பில் பிள்ளையும் கையில் இரண்டு குடமுமாக ஓடிவந்தாள். மதில் பக்கம் நின்றாள்.

"அக்கா, இவனக் கொஞ்சம் புடிங்க. அத்த கோயிலுக்குப் போயிருக்காக. அங்கன வரிசை போயிரும்."

நான் கையை நீட்டினேனா என்றுகூட நினைவில்லை. பிள்ளை என் தோளில் இருந்தான். அவள் அதற்குள் பாதித் தெரு போய்விட்டாள். திரும்பியும் பார்க்கவில்லை.

அவன் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, நெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டான். வடு இருக்கும் பக்கம்தான். அவன் மூச்சு சின்னதாக, வேகமாக ஓடியது. என் மூச்சு மெதுவாக வந்து போனது. தெருமுனையில் குடங்கள் முட்டும் சத்தமும், வரிசைக்குச் சண்டை போடும் சத்தமும் கேட்டன. அந்த வரிசை இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு, வெயிலில் அப்படியே நின்றேன்.