மாமன் அனுப்பிய கொம்பியூட்டர்

எங்கள் வீட்டில் உள்ள கொம்பியூட்டரை எல்லோரும் மகளுடையது என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது என் மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி, லண்டனில் இருக்கிறார். அங்கே வேலை செய்யும் இடத்தில் கழித்துவிட்டதைத் துடைத்து, பழைய போர்வை சுற்றி, கப்பலில் போட்டு எங்கள் ஊர் மடத்துவெளிக்கு அனுப்பினார். பெட்டியைத் திறந்த அன்று மகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கிக் கொடுத்த சைக்கிள் வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்றது.

அந்த மனிதரில் எனக்கு எரிச்சல். இதில் மறைக்க என்ன இருக்கிறது? தாய்மாமன் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு தனி இடம். மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக்குப் பறந்து வந்து தண்ணீர் வார்த்தது அவர். படங்களில் நடுவில் நிற்பதும் அவர். நான் பந்தலில் "இருங்கோ, இருங்கோ" என்று வந்தவர்களுக்குக் கதிரை காட்டிக்கொண்டு திரிந்தேன். அல்பத்தில் தேடினால் ஒரு படத்தில் என் முதுகு தெரியும். அது முறை, அதைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் அதோடு நின்றிருக்க வேண்டும். பாடத்தில் சந்தேகம் என்றால் மாமா. மேலே என்ன படிப்பது என்றால் மாமா. நான் பக்கத்துக் கதிரையில் இருக்க, அவள் கடல் தாண்டிக் கேட்பாள். ஒரு தரமாவது என்னிடம் வந்து, "அப்பா, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்க மாட்டாளா என்று ஏங்கினேன். வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

நான் பஸ் ஓட்டுகிறவன். எங்கள் தீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து யாழ்ப்பாணம், பிறகு திரும்பவும் குறிகட்டுவான். உப்புக்காற்றில் துருப்பிடித்த பஸ்ஸைக் கடல் பாலத்தில் நிற்கவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனுக்கு இந்தப் பெட்டி என்ன பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

அதற்கு ஒரு நாளும் வந்தது. சிநேகிதி ஒருத்தியின் பென் டிரைவைச் செருகியதில் கொம்பியூட்டருக்கு வைரஸ் பிடித்து ஊரத் தொடங்கியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடவேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் வந்து சொல்லித் தருகிறேன் என்றார் மாமன். மகள் தன் பாடங்களையும் படங்களையும் வேறொரு பென்னில் எடுத்து வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தாள். நான் சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை அவளுக்கு டியூசன், எனக்கு லீவு. யாழ்ப்பாணத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள கடையில் சொல்லி, விண்டோஸை ஒரு பென்னில் ஏற்றி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். "சின்ன வேலை அண்ணை. அது கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டு குடுத்துக்கொண்டு போங்கோ," என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

பென்னைச் செருகிக் கொம்பியூட்டரைப் போட்டேன். திரை கறுத்து, ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பென்னிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். என்ன மொழி, எந்த நாடு, பழையதை அழிக்கலாமா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் ஓம் கொடுத்தேன். பிறகு இலக்கங்கள் ஏறத் தொடங்கி நூறைத் தொட்டபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொம்பியூட்டர் தானாக நின்று தானாகத் தொடங்கியது. திரும்பவும் கறுப்புத் திரை, அதே வரி. அழுத்தினேன். என்ன மொழி என்று முதலிலிருந்து கேட்டது.

நான்தான் எங்கேயோ பிழை விட்டேனாக்கும் என்று மறுபடி எல்லாம் செய்தேன். நூறு வந்தது, கறுத்தது, அழுத்தினேன், என்ன மொழி என்றது. மத்தியானம் வரை இதே கூத்து.

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, தம்பியை ஒருக்காக் கேளுங்கோவன்."

"உம்மட தம்பிக்கு இஞ்ச வந்து பஸ் ஓட்டத் தெரியுமோ எண்டு முதல்லை கேளும்," என்று சீறினேன்.

மகள் வந்தாள். பையை இறக்காமலே திரையைப் பார்த்தாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் மாமனுக்கு வீடியோ கோல் எடுத்து, "இதைப் பிடியுங்கோ அப்பா," என்று போனை என் கையில் தந்தாள்.

"அத்தான், கொஞ்சம் மேலை. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்," என்றார் மச்சான். பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போதுகூட எனக்கு யாரும் இடம் வலம் சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்.

நடந்ததை மகள் சொல்ல, அவர் யோசித்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் பழுதாப்போட்டுது போல. விடு பிள்ளை, மாமா புதுசு அனுப்பிறன்," என்றார். அதற்கும் ஒரு கப்பல் வரும், அவள் அதையும் கட்டிப்பிடிப்பாள்.

"பொறுங்கோ மாமா," என்றாள் மகள். முதலிலிருந்து தொடங்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். நூறு வந்தது. கறுத்தது. அந்த வரி வந்ததும் பழக்கத்தில் என் மற்றக் கை நீண்டது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இதை ஒவ்வொருக்காலும் அமத்தினனீங்களோ?"

"அமத்தச் சொல்லுதெல்லோ."

"முதல் ஒருக்காத்தான் அமத்தவேணும். பிறகு சும்மா விடவேணும். அமத்த அமத்த அது திரும்பப் பென்னிலையிருந்துதான் தொடங்கும்."

ஒருவரும் அழுத்தவில்லை. வரி மறைந்தது. கொம்பியூட்டர் தன்பாட்டில் மேலே போனது.

போனுக்குள் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தான், நீங்கள் இப்பிடிச் சொல்வழி கேக்கிற ஆள் எண்டு அக்கா எனக்குச் சொல்லவேயில்லை." குசினியிலும் சிரிப்புக் கேட்டது. போனைக் கிணற்றுக்குள் எறிய வேண்டும் போல இருந்தது. பிறகு பல நாட்களாக, "ஹார்ட் டிஸ்க் பழுது எண்டது ஆர்?" என்று மனைவியைக் குத்திக் குத்திக் கேட்டதில்தான் கொஞ்சம் ஆறினேன்.

அதன் பிறகு மகள் மாமனைக் கேட்பதை விட்டுவிட்டாள். எது பிழைத்தாலும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே தேடித் திருத்துவாள். முதலில் எனக்குச் சரியான சந்தோசம். மச்சானுடைய ஆட்டம் முடிந்தது என்று மனைவியிடமே சொன்னேன். ஆனால் அவள் என்னிடமும் வரவில்லை. வருவாள், வருவாள் என்று அவள் அறைக்கு முன்னால் கதிரையில் இருந்து பார்த்ததுதான் மிச்சம்.

போன கிழமை மச்சான் கோல் எடுத்தார். வழக்கமாக அக்காவுக்குத்தான் எடுப்பார். அன்று என் போனுக்கு எடுத்தார். மழை, பஸ் என்று சுற்றிவிட்டு, "கொம்பியூட்டர் எப்பிடி, அத்தான்?" என்றார்.

"நல்லா ஓடுது."

"பிள்ளை இப்ப என்னட்டை ஒண்டும் கேக்கிறாளில்லை. ஏதும் பிழைச்சா என்ன செய்யிறவள்?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

"என்னட்டைத்தான் கேக்கிறவள்," என்றேன்.

"குடுத்து வைச்ச ஆள் நீங்கள், அத்தான்," என்றார். அந்தக் குரலில் இருந்த ஏக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். மகளின் கதவு சாத்தியிருந்தது. அவளுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன்.