குரங்கு எண்ணிய ஆறு நாள்

நேற்று மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். நான் என்னை அறியாமல் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் விசில் ஊதிக் குரங்கு எண்ணுவதுதான் என் உத்தியோகம்.

ஒட்டுசுட்டானில் ஒரு விவசாய அலுவலகம். நானும் சாந்தினியும் பக்கத்துப் பக்கத்து மேசை. மூன்று வருடமாக ஒரே புட்டுப் பார்சலைப் பங்கிட்ட கூட்டாளிகள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. குரங்குகள் பயிரை அழிக்கின்றன என்று முறைப்பாடுகள் குவிய, மேலிடத்துக் கட்டளை வந்தது. விசில் ஊதித் தொடங்கி, பத்து நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு பேர், ஒரே எண், இரண்டு கையெழுத்து.

குளக்கட்டுக்குப் பின்னால் பாலைமரக் கூடல், வெயில் விழாத அடர்ந்த சோலை. நான் எண்ணியது நாற்பத்தொன்று. சாந்தினி முப்பத்தேழு.

"வாலை ஒண்டு, தலையை ஒண்டு எண்டு எண்ணியிருக்கிறியள்."

"நீர் குட்டியளை விட்டிட்டீர்."

"தாயோட ஒட்டிக்கிடக்கிறது தனிக் குரங்கோ?"

கையெழுத்து வைக்கமாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் ஒரு தாட்டான் குரங்கு அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடியது. வீரனாகத் துரத்திய நான் முட்பற்றைக்குள் விழுந்து, காற்சட்டை கிழிந்து எழும்பினேன். விழுந்து விழுந்து சிரித்தவள், பிறகு என் உள்ளங்கை முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அன்று இரண்டு பேருக்கும் நாற்பது என்றே வந்தது. கையெழுத்து வைத்தால் வேலை முடிந்துவிடும். சாந்தினி பேனையை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"எதுக்கும் நாளைக்கும் ஒருக்கா எண்ணிப் பாப்பமோ?" என்றாள்.

"ஓம், பிழை வரக்கூடாது," என்றேன்.

ஆறாம் நாள் விசுவமடுவிலிருந்து அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். யாரோ எங்களைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், நாங்கள் மலைநாட்டிலிருந்து. இந்த இரண்டுக்கும் இடையில் பெண் கொடுப்பது லேசில் நடக்காது.

"இஞ்ச என்ன நடக்குது?"

"குரங்கு எண்ணுறம், ஐயா."

"ஆறு நாளாயோ? எண்ணவும் தெரியாதோ?"

விசிலைப் பறித்துத் தானே ஊதினார். அண்ணாந்தபடி பத்து நிமிடம் நின்றார். "முப்பத்தொன்பது" என்றார்.

"நாற்பது!" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில்.

மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்களோடு கதைக்கவில்லை. ஆனால் கலியாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

நாங்கள் அனுப்பிய எண்ணிக்கையைப் பற்றி இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனோம். கூடலும் இல்லை, குரங்கும் இல்லை. வெட்டவெளியில் புல்டோசர் உழுத தடம் மட்டும். சாந்தினி மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கனநேரம் பார்த்தாள்.

"இப்ப எண்ணச் சொன்னா எங்களுக்குள்ள சண்டையே வராது, என்னப்பா," என்றாள்.